குற்றப் பதிவுகளில் விடுபட்ட தரவு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சிதம்பரத்திலிருந்து, காலாப்பட்டிலிருந்து புராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள், நடுவில் ஒரு வக்கீல், ஒரு நிருபர் என்று யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்ஆப்பில் தட்டி முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்துவிட்டேன். ஆண்டோ எங்கிருந்து வந்தது என்பதோ சொல்லாமல் வரும் சின்ன எண்கள் கணக்குப் புரிவதற்காக நானே போட்டவை, யாரும் அதை எடுத்துப் புராஜெக்ட்டில் ஒட்டிவிட வேண்டாம்.

"விடுபட்ட தரவுன்னா எக்ஸெல்ல காலியா இருக்கிற கட்டம்தானே சார்?"

அது ஒரு வகை மட்டும். குற்றப் பதிவில் மூன்று இடத்தில் ஓட்டை விழும். எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, உள்ளே சம்பவ நேரமோ களவு போன பொருளின் மதிப்போ எழுதவில்லை, இது முதல் வகை. எஃப்.ஐ.ஆரே இல்லை: பாதிக்கப்பட்டவர் ஸ்டேஷன் படியே ஏறவில்லை, அல்லது ஏறியவர் கையில் புகாரை வாங்கியதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அல்லது இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். இது இரண்டாவது. ஒரு ஸ்டேஷனோ மாநிலமோ ஒரு மாதமோ வருடமோ கணக்கையே அனுப்பவில்லை, இது மூன்றாவது.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு. புராஜெக்ட் செய்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிற முதல் வகையிலேயே மொத்த உழைப்பையும் போடுகிறார்கள். பெரிய ஓட்டை பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கும், அது எக்ஸெல்லில் தெரியவே தெரியாது.

"காலியா விடறதுக்குப் பதிலா ஜீரோ போட்டா என்ன ஆகும்?"

நாசமாகும். களவு போன சொத்தின் மதிப்பு ஜீரோ என்றால் பூட்டை உடைத்தும் எதுவும் எடுக்கவில்லை என்று பொருள். காலி என்றால் எவ்வளவு போனது என்று நமக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பிறகு எந்த முறையாலும் பிரிக்க முடியாது.

இதைவிட மோசம், ஏற்கெனவே யாரோ நிரப்பி வைத்திருப்பது. கணினியில் ஏற்றும்போது கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டம் என்றால், தெரியாதவர் எதையாவது போட்டுத்தான் அடுத்த பக்கம் போவார். வயது 0 அல்லது 99, நேரம் 00:00, தேதி ஜனவரி 1. அதனால் கோப்பு கைக்கு வந்ததும் முதல் வேலையாக மணி வாரியாக ஒரு படம் போடுங்கள். நள்ளிரவு 12:00க்கு மட்டும் பனைமர உயரத்துக்கு ஒரு கம்பம் நின்று, 12:10க்கும் 12:25க்கும் ஒன்றுமே இல்லையென்றால் அந்தக் கம்பத்தில் பெரும்பகுதி காலிக் கட்டம்தான். வயதில் 30, 35, 40 மட்டும் தூக்கலாக இருப்பதும் இந்த ஜாதிதான், 'ஒரு முப்பத்தஞ்சு இருக்கும்' என்று குத்துமதிப்பாகச் சொன்னதை அப்படியே எழுதியது.

"காலி இருக்கிற வரிசையை எல்லாம் அழிச்சிட்டா பிரச்சினையே இல்லையே?"

பல மென்பொருள்கள் சத்தமில்லாமல் இதைத்தான் செய்கின்றன, அதனால்தான் பலருக்கு இது முடிவு என்றே தெரிவதில்லை. எக்ஸெல்லில் எட்டு பத்தி, ஒவ்வொன்றிலும் 5 சதவீதம்தான் காலி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் காலி என்று வையுங்கள். 0.95ஐ எட்டு முறை பெருக்கினால் 0.66. மூன்றில் ஒரு பங்கு வழக்குகளைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள்.

எண்ணிக்கை குறைவதாவது பரவாயில்லை. மிஞ்சுகிற வழக்குகள் எப்படிப்பட்டவை என்பதுதான் கவலை. எல்லாக் கட்டமும் நிரம்பிய எஃப்.ஐ.ஆர். என்பது பெரும்பாலும் படித்த புகார்தாரர், ஆர்.சி. புத்தகமும் பில்லும் கையில் உள்ள பொருள், குற்றவாளி பிடிபட்ட வழக்கு. இவற்றை மட்டும் வைத்து மாவட்டத்தையே பேசினால் அது வேறு மாவட்டமாகிவிடும். காலியாக இருப்பதற்கும் நீங்கள் ஆராய்கிற விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்ட முடிந்தால் தாராளமாக அழியுங்கள், நானும் அழிப்பேன்.

"எம்.சி.ஏ.ஆர்., எம்.ஏ.ஆர்., எம்.என்.ஏ.ஆர்.னு மூணு சொல்றாங்க, மண்டையில ஏறவே மாட்டேங்குது"

தரவு ஏன் விடுபடுகிறது என்பதை வைத்து 1976இல் டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் பிரித்துக் கொடுத்தது இது, மேலே சொன்ன மூன்று ஓட்டைகள் வேறு. களவு போன பொருளின் மதிப்பு என்ற ஒரே கட்டத்தை வைத்துப் பார்ப்போம். தட்டச்சு செய்தவர் கவனம் தப்பி அங்கொன்றும் இங்கொன்றும் விட்டுவிட்டார், எந்த வழக்கு விடுபட்டது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை: முதலாவது, முழுக்கத் தற்செயல். பைக் திருட்டில் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் இருப்பதால் மதிப்பு எழுதப்படுகிறது, செல்போன் திருட்டில் பில் இல்லாததால் பாதி காலி. ஆனால் செல்போன்களுக்குள் எது காலி என்பது தற்செயல்: இரண்டாவது. பொருளின் வகை நமக்குத் தெரியும், அதை வைத்துச் சரிசெய்யலாம்.

மூன்றாவதான எம்.என்.ஏ.ஆர்.தான் வில்லன். பீரோவில் கணக்கில் காட்டாத பணம் போயிருக்கிறது, எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் வருமான வரி வருமோ என்று பயந்து அவர் மதிப்பே சொல்லவில்லை. காலியாக இருப்பதற்குக் காரணமே அந்த மதிப்புதான். இங்கே மற்ற பத்திகளைப் பார்த்து நிரப்பினால் நிச்சயம் குறைவாகத்தான் வரும்.

இன்னொன்று, முழுக்கத் தற்செயல் என்று நாம் நினைப்பது பல நேரம் அப்படி இருப்பதில்லை. புயலில் லெட்ஜர் நனைந்து போனது தற்செயல் தானே என்பார்கள். எந்த ஸ்டேஷனில் தண்ணீர் புகுந்தது? கடலோரத்தில், ஆற்றோரத்தில். 2011 டிசம்பர் 30இல் வந்த 'தானே' புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலோர ஸ்டேஷனில் வருகிற வழக்குகளும் நெய்வேலிப் பக்கம் வருகிற வழக்குகளும் ஒன்றா என்ன?

"நம்ம கோப்பு இந்த மூணுல எதுன்னு எந்த டெஸ்ட் சொல்லும்?"

முதலாவது அல்ல என்று காட்ட லிட்டில் என்பவரின் டெஸ்ட் இருக்கிறது, 1988. அதைவிட எளிது, காலியா இல்லையா என்று 1, 0 போட்டு ஒரு புதுப் பத்தி செய்து, அதை ஸ்டேஷன், குற்ற வகை, மாதம் ஒவ்வொன்றோடும் குறுக்கு அட்டவணை போடுவது. ஒரே ஒரு ஸ்டேஷனில் மட்டும் 70 சதவீதம் காலி என்றால் விஷயம் அங்கே இருக்கிறது.

இரண்டாவதா மூன்றாவதா என்று பிரிக்க மட்டும் தரவுக்குள்ளிருந்து எந்த டெஸ்ட்டும் உதவாது, ஏனென்றால் பதில் இருப்பது நம்மிடம் இல்லாத எண்ணில். இதற்கு ஆளைத்தான் கேட்க வேண்டும். ஸ்டேஷன் ரைட்டரிடம் கேளுங்கள். 'இந்தக் கட்டம் ஏன் சார் பெரும்பாலும் எழுதறதில்லை' என்று மரியாதையாகக் கேட்டால், ஒரு செமஸ்டர் முழுக்க மாடல் ஓட்டினாலும் கிடைக்காத பதில் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். கேட்காமல் எழுதிய அத்தியாயங்களை நான் நம்புவதில்லை.

"ஆர்.டி.ஐ. போட்டா விடுபட்டதை வாங்கிட முடியாதா?"

சில நேரம் முடியும். கையில் இல்லாத தகவலைப் புதிதாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை, விசாரணைக்கு இடைஞ்சல் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(எச்)ஐக் காட்டி மறுக்கலாம். கேட்கும்போது 'எத்தனை வழக்கு' என்று மட்டும் கேட்காமல், 'இந்த விவரம் பதிவேட்டில் பராமரிக்கப்படுகிறதா' என்பதையும் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். 'இல்லை' என்று ஒரு வரி வந்தால் அது வழக்கு இல்லையா, பதிவேடு இல்லையா என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

"சராசரியைப் போட்டு நிரப்புன்னு எங்க புத்தகத்துல இருக்கே"

ஐந்து வீட்டில் நகைத் திருட்டு: 1, 2, 2, 3, 42 பவுன். சராசரி 10. ஆறாவது வீட்டில் எவ்வளவு என்று தெரியாமல் 10 போடுகிறீர்கள். 10 பவுன் போன வீடு அந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை! இடைநிலை 2 போட்டால் கொஞ்சம் நம்பும்படி இருக்கும், ஆனால் காலியாக இருக்கும் முப்பது வீட்டுக்கும் அதே 2 என்றால் தரவின் பரவல் சுருங்கிப் போகும், நிஜத்தில் இல்லாத ஒரு துல்லியம் வந்து உட்காரும், பத்திகளுக்கிடையே உள்ள தொடர்பும் மங்கும். மிச்சமிருக்கிற கணக்கெல்லாம் பொய்யான தைரியத்தோடு பேசும். வேண்டாம்.

"ஒரு மாசக் கணக்கு வரலைன்னா போன மாச எண்ணையே போட்டுக்கலாமா?"

பெரிய இடத்திலேயே செய்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019 அறிக்கையில் மேற்கு வங்கத்தின் கணக்கு நேரத்துக்கு வரவில்லை என்று 2018 எண்களையே போட்டார்கள், அதைக் குறிப்பாகவும் சொன்னார்கள். குறிப்பைப் படிக்காமல் 'வங்கத்தில் குற்றம் கூடவுமில்லை குறையவுமில்லை' என்று எழுதினால் சிரிப்பதா அழுவதா?

அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. வேறு வழி வைத்திருந்தது. ஒரு காவல்துறை 3 முதல் 11 மாதம் வரை கணக்கு அனுப்பியிருந்தால் அதைப் பன்னிரண்டு மாதத்துக்கு விரித்துக்கொள்வது, மூன்றுக்கும் குறைவென்றால் அதே மாநிலத்தில் அதே அளவுள்ள ஊர்களைப் பார்த்து மதிப்பிடுவது. விடுபட்ட மாதமும் வந்த மாதமும் ஒன்றுபோல இருந்தால் இது சரி. மாசி மகத்துக்கும் பொங்கலுக்கும் கூட்டம் சேர்கிற நம் கடற்கரையில் எந்த மாதம் விடுபட்டது என்பது முக்கியம், ஆகவே முந்தைய மாதத்தைவிட முந்தைய வருடங்களின் அதே மாதத்தையும் பக்கத்து ஸ்டேஷன்களின் இந்த மாதத்தையும் சேர்த்துப் பார்ப்பது மேல். 2020ஐ மட்டும் இதற்கு அடிப்படையாக எடுக்காதீர்கள். ஊரடங்கை மீறியதற்காக இ.பி.கோ. 188ஆம் பிரிவு உள்ளிட்டவற்றில் போட்ட வழக்குகளால் நாடு முழுவதும் மொத்த வழக்கு எண்ணிக்கை 2019இன் 51.6 லட்சத்திலிருந்து 66 லட்சமாக ஏறிய வருடம் அது.

"மல்டிபிள் இம்ப்யூட்டேஷன்னா ஒரே கட்டத்தை அஞ்சு தடவை நிரப்பறதா? எதுக்கு?"

ஒரு தடவை நிரப்பினால் அதை நிஜமென்று கணினி நம்பிவிடும். மற்ற பத்திகளைப் பார்த்து ஒரு மாடல் போட்டு, அந்த மாடலின் தடுமாற்றத்தையும் சேர்த்து ஐந்து முறையோ இருபது முறையோ வெவ்வேறு விதமாக நிரப்பினால், நமக்கு எவ்வளவு தெரியாது என்பது அந்தப் பிரதிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் தெரியும். அதுதான் இதன் பயன்.

கணக்கையும் பார்த்துவிடலாம். திருட்டு வழக்குகளில் இரவில் நடந்தவை எத்தனை சதவீதம் என்று ஐந்து பிரதியிலும் எடுத்தால் 40, 43, 41, 45, 41. சராசரி 42. ஒவ்வொரு பிரதிக்குள்ளும் பிழையின் வர்க்கம் 9, அதாவது பிழை 3. பிரதிகளுக்கிடையே மாறுபாடு: சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கம் 4+1+1+9+1 = 16, அதை நான்கால் வகுத்தால் 4. ரூபினின் விதிப்படி மொத்தம் 9 + (1 + 1/5) × 4 = 13.8. வர்க்கமூலம் 3.7. ஒரே ஒரு பிரதியோடு நிறுத்தியிருந்தால் பிழை 3 என்று எழுதியிருப்பீர்கள். அந்த 0.7தான் நாம் மறைத்துக்கொண்டிருந்தது.

செய்யும்போது இரண்டு விஷயம். நீங்கள் கடைசியில் ஆராயப்போகிற விளைவுப் பத்தியையும் நிரப்பும் மாடலுக்குள் சேர்க்க வேண்டும், விட்டுவிட்டால் அதோடு உள்ள உறவு மங்கிப்போகும். பவுன், பணம் மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் எண்களுக்குப் பிரெடிக்டிவ் மீன் மேட்சிங் போடுங்கள், அது ஏற்கெனவே நடந்த வழக்கு ஒன்றின் நிஜ மதிப்பை எடுத்துத் தரும், மைனஸ் மூன்று பவுன் என்றெல்லாம் வராது. ஆர் மென்பொருளில் மைஸ் என்ற பேக்கேஜில் எல்லாம் இருக்கிறது. எத்தனை பிரதி என்றால், காலியுள்ள வழக்குகள் 30 சதவீதம் என்றால் குறைந்தது 30 பிரதி என்பது இப்போது பலரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

"சாட்ஜிபிடிகிட்ட ஷீட்டைக் குடுத்தா அதுவே நிரப்பித் தருதே சார்"

தரும், எப்படி நிரப்பியது என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை தரும். மேலே சொன்ன பிரதிகளுக்கிடையே உள்ள மாறுபாடு அதில் கிடைக்காது. அதைவிடப் பெரிய விஷயம், எஃப்.ஐ.ஆரில் ஆட்களின் பெயரும் முகவரியும் இருக்கிறது, அதை எங்கோ ஏற்றுவது சரியில்லை. கோட் எழுத உதவி கேளுங்கள், தரவைக் கொடுக்காதீர்கள்.

"நான் எல்லா எஃப்.ஐ.ஆரையும் போலீஸ் இணையதளத்துலேருந்து டவுன்லோட் பண்ணிட்டேன், அப்ப எதுவும் விடுபடலைதானே?"

விடுபட்டிருக்கிறது, அதுவும் சட்டப்படி. 2016இல் உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றச் சொன்னபோதே பாலியல் குற்றங்கள், போக்சோ, பயங்கரவாதம் போன்ற நுட்பமான வழக்குகளுக்கு விலக்கு கொடுத்தது. அதனால் டவுன்லோட் செய்த குவியலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றம் குறைவாகத் தெரிவது அந்த விலக்கின் விளைவு. இதை எந்த இம்ப்யூட்டேஷனாலும் நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. மொத்த எண்ணிக்கையை மட்டும் அதிகாரப்பூர்வ அறிக்கையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

"குற்றவாளி வயசு, ஊர் எல்லாம் 'அடையாளம் தெரியாத நபர்'னு இருக்கு. பிடிபட்டவங்களை வச்சு நிரப்பலாமா?"

தயவுசெய்து வேண்டாம். பிடிபடாதவர் பிடிபட்டவர் மாதிரியே இருப்பார் என்று எடுத்துக்கொண்டால்தான் அது சரி. பிடிபடுகிறவர் யார்? ஏற்கெனவே ஸ்டேஷன் பட்டியலில் பெயர் உள்ளவர், அதே தெருக்காரர், வக்கீல் வைக்க வசதியில்லாதவர். அவர்கள் முகத்தை எடுத்துத் தெரியாத முகத்துக்கெல்லாம் ஒட்டினால் புள்ளியியல் பெயரில் ஒரு பகுதி மக்கள் மேல் பழி விழும். அமெரிக்கக் கொலைப் பதிவுகளில் இதே கேள்வி பல வருடமாக ஓடுகிறது, அங்கே கொலையானவரின் வயது, சூழ்நிலை, ஆயுதம் எல்லாம் வைத்து எடை போட்டுத்தான் செய்கிறார்கள், அதற்கே ஆட்சேபம் இருக்கிறது. நம் புராஜெக்ட் அளவில் 'கண்டுபிடிக்கப்படாதவை' என்று தனி வரிசை போடுவதே நேர்மை.

"வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போனவங்க, எப்ப திருடு போச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. நேரத்துக்கு என்ன போடறது?"

எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு குடும்பம் கிரிவலத்துக்காக மாலை 6 மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டுத் திருவண்ணாமலை போகிறது, காலை 6 மணிக்கு வந்து பார்த்தால் பூட்டு உடைந்திருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் 'முதல்', 'வரை' என்று இரண்டு நேரம் இருக்கும். நடுப்புள்ளியை எடுத்தால் நள்ளிரவு. இரவில் பூட்டியிருந்த எல்லா வீட்டுக்கும் இப்படியே நடுப்புள்ளி எடுத்தால் திருடர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல 12 மணிக்கு வேலை பார்க்கிறார்கள் என்று படம் வரும், அப்புறம் ரோந்தும் அந்த நேரத்துக்கு மாறும்.

அயோரிஸ்டிக் முறை என்று ஒன்று இருக்கிறது, ஜெர்ரி ராட்கிளிஃப் குற்ற ஆய்வுக்குள் கொண்டுவந்தது. பன்னிரண்டு மணி நேர இடைவெளி என்றால் ஒவ்வொரு மணிக்கும் 1/12 வழக்கு. இரண்டு மணி நேரமே வெளியே போன வீட்டுக்கு மணிக்கு 1/2. எல்லா வழக்கின் துண்டுகளையும் மணி வாரியாகக் கூட்டினால் எந்த மணியில் கனம் சேர்கிறது என்று தெரியும். பேப்பரும் பேனாவும் போதும்.

கவனிக்க வேண்டியது, மூன்று நாள் பூட்டிய வீடு எல்லா மணிக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து படத்தைத் தட்டையாக்கிவிடும். இடைவெளி 24 மணி நேரத்துக்கு மேல் உள்ள வழக்குகளைச் சேர்த்து ஒரு படம், சேர்க்காமல் ஒரு படம் என்று இரண்டும் போட்டுப் பாருங்கள். எல்லா மணிக்கும் சம வாய்ப்பு என்பதும் ஓர் அனுமானம்தான், பட்டப்பகலில் பக்கத்து வீட்டு ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தெருவில் அது பொருந்தாது.

"முகவரி 'பிள்ளையார் கோயில் அருகில்'னு இருக்கு, மேப்ல எப்படி வைக்கிறது?"

வைக்க முடியாதவற்றை எண்ணி எழுதுங்கள். குறைந்தது 85 சதவீத வழக்குகளாவது இடத்தோடு பொருந்தினால்தான் வரைபடத்தை நம்பலாம் என்று அதே ராட்கிளிஃப் 2004இல் ஒரு மதிப்பீடு கொடுத்தார். புதுச்சேரியில் நேர்கோடாகத் தெரு உள்ள பகுதி எளிதாகப் பொருந்தும், பாகூர் பக்கம் வயல்வெளியில் நடந்தது பொருந்தாது. மேப்பில் நகரம் மட்டும் சிவப்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"புகாரே கொடுக்காதவங்களை எப்படி சார் எண்ண முடியும்?"

பதிவேட்டுக்கு வெளியே போய்த்தான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஸ்டேஷனுக்கே வராதவரை எந்தத் தீர்ப்பும் பதிவேட்டுக்குள் கொண்டுவராது. வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வுதான் இதற்கு வழி. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம், அதிலும் பெரும்பாலோர் கேட்டது சொந்தக் குடும்பத்தை. போலீஸ் பதிவில் இருப்பது எவ்வளவு சின்னத் துண்டு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போயும் பதிவாகாதது தனி. இங்கிலாந்து, வேல்ஸில் 2014இல் தணிக்கை செய்தபோது, போலீசிடம் சொன்ன குற்றங்களில் 19 சதவீதம் பதிவாகவில்லை, பாலியல் குற்றங்களில் 26 சதவீதம். அதற்கு முன்பே, அந்த வருட ஜனவரியில், போலீஸ் குற்றக் கணக்கிலிருந்து 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற முத்திரையை எடுத்துவிட்டார்கள். அங்கே 1982 முதல் மக்களிடம் நேரடியாகக் கேட்கும் ஆய்வு இருப்பதால் ஒப்பிட முடிந்தது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஒரு மாவட்டத்தில் எண்ணிக்கை ஏறுவது ஸ்டேஷன் கதவு திறந்ததால்கூட இருக்கலாம். நிருபர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்தால் புண்ணியமாகப் போகும்.

"ரெண்டு லிஸ்ட்டை ஒப்பிட்டு மொத்தத்தைக் கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்களே, அது நிஜமா?"

நிஜம்தான். சாலை விபத்தை எடுங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் 120 பேர், எஃப்.ஐ.ஆரில் 90 பேர், இரண்டிலும் உள்ளவர்கள் 60 பேர். எஃப்.ஐ.ஆரில் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கை ஆஸ்பத்திரி பிடித்திருக்கிறது, அப்படியானால் மொத்தத்திலும் மூன்றில் இரண்டைப் பிடித்திருக்கும் என்று எடுத்தால் 120 × 90 ÷ 60 = 180. இரண்டு பதிவேட்டையும் சேர்த்தாலும் 150 பேர்தான், ஆக இரண்டிலும் வராதவர்கள் 30. நம் நாட்டில் இதற்கு நல்ல பாரம்பரியம் உண்டு, சந்திரசேகரன் என்ற மக்கள்தொகை அறிஞரும் டெமிங்கும் 1949இல் கல்கத்தா அருகே சிங்கூரில் பிறப்பு இறப்புப் பதிவை இப்படித்தான் கணக்கிட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இரண்டு லிஸ்ட்டும் ஒன்றையொன்று அறியாமல் உருவாகியிருக்க வேண்டும். நம் ஊரில் ஆஸ்பத்திரிதான் ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புகிறது. அதனால் இரண்டிலும் இருப்பவர்கள் செயற்கையாகக் கூடுவார்கள், மொத்தம் குறைவாக வரும். அந்த 180ஐக் கீழ் எல்லை என்று எழுதினால் சரி. இன்னொன்று, கடலூர்ப் பக்கம் பலத்த அடி என்றால் புதுச்சேரி ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். கடலூர் அரசு மருத்துவமனை ஏட்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கடுமையான விபத்துகளே கழன்றுவிடும். எல்லை தாண்டித் தரவு கேட்க வேண்டும், இரண்டு அரசாங்கம், இரண்டு விண்ணப்பம், பொறுமை.

"புதுச்சேரி எல்லையில இருக்கிற ஆல்பேட்டை செக்போஸ்ட்ல மது வழக்கு குறைஞ்சிருக்கு, கடத்தல் குறைஞ்சிடுச்சுன்னு எழுதலாமா?"

எழுதாதீர்கள். திருட்டுக்குப் புகார்தாரர் உண்டு, பாண்டி சரக்குக் கடத்தலுக்குப் புகார்தாரர் யார்? சோதனை போட்டால்தான் வழக்கு. சோதனை போடாத நாளின் கடத்தல் எல்லாம் விடுபட்ட தரவு, எஃப்.ஐ.ஆரே இல்லாத வகை. எத்தனை மணி நேரம் சோதனை நடந்தது, எத்தனை வண்டி நிறுத்தினார்கள் என்பதையும் வாங்கி, சோதனை மணிக்கு எத்தனை வழக்கு என்று பாருங்கள். அது கிடைக்கவில்லையென்றால் இந்த எண்ணை போலீசின் வேலைக் கணக்காக மட்டும் படியுங்கள்.

"மாஹேல ஒரு கொலை கூடினா விகிதம் எகிறுது, இதையும் விடுபட்ட தரவு மாதிரி சரி பண்ணணுமா?"

இது விடுபாடு அல்ல, சின்ன எண்ணின் ஆட்டம். 2011 கணக்கெடுப்பில் மாஹே 41,816 பேர், புதுச்சேரி மாவட்டம் 9,50,289 பேர். மாஹேயில் ஒரே ஒரு வழக்கு கூடினாலே லட்சத்துக்கு 2.4 ஏறும். எம்பிரிக்கல் பேயஸ் முறையில் சின்ன ஊரின் விகிதத்தை மொத்த சராசரிப் பக்கம் கொஞ்சம் இழுத்து வைப்பார்கள், அது போதும். ஆனால் ஒரு விடுபாடும் உள்ளே இருக்கிறது: 2021இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, வகுக்கிற எண்ணே மதிப்பீடுதான். இரண்டு பேர் இரண்டு மக்கள்தொகையால் வகுத்துவிட்டு எண் பொருந்தவில்லை என்று சண்டை போடுவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"2024 ஜூலைக்கு அப்புறம் செயின் பறிப்பு திடீர்னு முளைச்ச மாதிரி இருக்கே?"

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவு வந்தது. பழைய சட்டத்தில் அது திருட்டு, கொள்ளை என்று வெவ்வேறு பிரிவுகளுக்குள் ஒளிந்திருந்தது. முந்தைய வருடங்களில் காலி என்பது வழக்கு இல்லாததால் அல்ல. ஓர் ஆண்டின் எஃப்.ஐ.ஆர்.களில் ஒரு மாதிரியை எடுத்துப் படித்து, பழைய 379 (திருட்டு), 392 (கொள்ளை) பிரிவு வழக்குகளில் எத்தனை பங்கு பறிப்பு என்று கண்டு, அந்தப் பங்கை வைத்துப் பின்னோக்கி மதிப்பிடலாம், பிழை அளவோடு.

கூடவே இன்னொரு மறைவும் இருக்கிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றம் இருந்தால் ஆவணக் காப்பகம் அதிகத் தண்டனை உள்ள ஒன்றை மட்டும்தான் எண்ணும். கொலையும் திருட்டும் சேர்ந்தால் அட்டவணையில் கொலை மட்டும். அந்தத் திருட்டு எந்தப் பத்தியிலும் காலியாகக்கூடத் தெரியாது.

"எத்தனை சதவீதம் வரைக்கும் காலி இருந்தா பரவாயில்லை? இவ்ளோ காலின்னு எழுதினா வைவால கிழிச்சிடுவாங்களே"

சதவீத எல்லை என்று ஒன்று கிடையாது. தற்செயலாக 30 சதவீதம் போனதைத் தாங்கலாம், கணக்கில் காட்டாத பணம் மாதிரிக் காரணத்தோடு 5 சதவீதம் போனது முடிவையே புரட்டலாம். பயமாக இருந்தால் இரண்டு ஓரத்தையும் காட்டுங்கள். 100 வழக்கு, 20 காலி, மிச்ச 80இல் 48 இரவில் நடந்தவை. காலி எல்லாம் பகல் என்றால் 48 சதவீதம், எல்லாம் இரவு என்றால் 68. உண்மை இதற்குள்தான், எந்த அனுமானமும் தேவையில்லை. இந்த அகலம் உங்கள் முடிவை மாற்றவில்லையென்றால் வேலை முடிந்தது, மாற்றுகிறது என்றால் இம்ப்யூட்டேஷன் செய்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, எந்த இடத்தில் முடிவு கவிழ்கிறது என்று எழுதுங்கள். அதுதான் எம்.என்.ஏ.ஆர். வகைக்கு நம்மால் செய்ய முடிந்த அதிகபட்சம்.

வைவாவில் கிழிப்பது மறைத்தால்தான். ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை காலி, எந்தக் காரணமென்று நினைக்கிறீர்கள், அதை யாரிடம் கேட்டீர்கள் என்று ஓர் அட்டவணையை முதல் அத்தியாயத்திலேயே வையுங்கள். அசல் பத்தியின் மேல் எழுதாமல் நிரப்பியதைத் தனிப் பத்தியில் வைத்து, பக்கத்தில் நிரப்பியது, அசல் என்று ஒரு கொடி போடுங்கள். அடுத்த வருடம் அதே கோப்பை வாங்கப்போகிற ஜூனியர் உங்கள் யூகத்தை அசல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.